முப்பது மில்லிலீற்றர்

எல்லயில் விடுதியை மூடும்போது
உதேனி இந்த மெஷினைப் பாதி விலைக்குத் தந்தாள்.
"தண்ணிதான் இதுக்கு எதிரி" என்றாள் சிங்களத்தில்,
பூனைக்குட்டியை ஒப்படைப்பவள் மாதிரி.

ஹாலிஎலயில் எங்கள் வீட்டுக்குத்
தண்ணீர் பாறைக்குள்ளிருந்து வருகிறது.
கேத்தலின் அடியில் வெள்ளை ஓடு.
ஷவரில் பதினொரு துளை அடைப்பு.
மெஷினில் பெப்ரவரியிலிருந்து
ஆரஞ்சு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது.
நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

பதுளை ஆஸ்பத்திரியில்
ஏழு மெஷின் என் பொறுப்பு.
ஒவ்வொரு நோயாளியும் எழுந்து போனதும்
இரத்தம் சுத்தம் செய்த அதற்கு
சிட்ரிக் அமிலம், எண்பத்துநான்கு பாகை,
கழுவல், மறுபடி கழுவல்,
ரெஜிஸ்டரில் கையொப்பம்.
ஞாயிற்றுக்கிழமையும் அதையே செய்ய
யாருக்கு மனசு வரும்?

வரவைத்தவன் தங்கவடிவேல்.
செவ்வாய், வெள்ளி. நான்காம் கட்டில்.
தோட்டத்துப் பெக்டரியில் பொயிலர் பார்த்தவன்,
நாற்பத்திரண்டு வயது.
நாளுக்கு ஐநூறு மில்லி என்று
எழுதிக் கொடுத்திருக்கிறோம்.
மாத்திரைக்கு, குழம்புக்குப் போக
மீதியை மருந்துப் போத்தல் மூடியால் அளக்கிறான்.

ஒருநாள் போனில் படம் காட்டினேன்.
"இவ்வளவு பெரிய மெஷினுக்கு
இத்துனூண்டு கோப்பியா?"
"முப்பது மில்லி."
அவன் சிரிக்கவில்லை.
கூரையைப் பார்த்துக் கூட்டிக் கழித்தான்.
"அப்ப அது எனக்குன்னே செஞ்சது."

டொக்டரம்மா பொட்டாசியம் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு
ஒரு விரலைக் காட்டினார். ஒரே ஒரு தடவை.

ஆகவே இன்று
சல்லடைத் தட்டைக் கழற்றினேன்.
அதன் முதுகில் எட்டு மாதக் கோப்பி, பிசினாய்.
ரப்பர் வளையத்தின் இடுக்குக்குப் பழைய பல் பிரஷ்.
ஆவிக் குழாயின் மூக்கில் காய்ந்த பாலை
ஊக்கு முனையால் குத்தி எடுத்தேன்.
தொட்டியில் ஒரு லீற்றர், இரண்டு மேசைக்கரண்டி சிட்ரிக்.
பம்ப் இருமியது.
கொஞ்சம் ஓடவிட்டு நிறுத்தினேன்.
இருபது நிமிடம் ஊறவேண்டும்.

உள்ளே நுரைப்பது கேட்குமா என்று
காதை வைத்துப் பார்த்தேன்.
பக்கத்து வீட்டு டீவியில் யாரோ அவுட்.
வேறொன்றும் கேட்கவில்லை.

பிறகு வந்தது,
அரிசி களைந்த நீர் போல,
இடையில் பச்சையாய் ஒரு செதில்.
"நாங்க பொயிலருக்குள்ளயே இறங்கிருவோம்.
உளி வச்சுத் தட்டினா மூக்கெல்லாம் சுண்ணாம்பு.
அதுக்கு வருசத்துக்கு ஒருக்கா.
எனக்கு வாரத்துக்கு ரெண்டு"
என்று ஊசி ஏற்றும்போது சொல்லியிருக்கிறான்.

அலச இன்னும் இரண்டு தொட்டி நல்ல தண்ணீர்.
சிங்க்கில் விடும்போது
கை தானாகக் கணக்குப் போட்டது.
இரண்டு லீற்றர். அவனுக்கு நாலு நாள்.
மெதுவாகத்தான் ஊற்றினேன்.
அதனால் ஒன்றும் மிச்சமாகவில்லை.

விளக்கு அணைந்தது.
முதல் கோப்பி புளித்தது. இரண்டாவதும்.
மூன்றாவதை வத்சலா குடித்துவிட்டு
"நல்லாத்தான் இருக்கு,
இதுக்கா காலையிலேருந்து?" என்றாள்.

செவ்வாய்க்கிழமை,
பஸ்ஸில் மடியில் சின்னத் தெர்மஸ்.
இறங்கும்வரை யாருக்கும் இடம் கொடுக்கவில்லை நான்.

அவன் கோப்பையை மூக்கருகே
கொஞ்ச நேரம் வைத்திருந்தான்.
ஒரு மிடறு.
முகம் சுருங்கியது.
"தார் மாதிரி இருக்கு. சீனி போடலியா?"
இன்னொரு மிடறு, என் மனசுக்காக.
பிறகு கோப்பையை என் பக்கம் நீட்டினான்.
"பதினஞ்சு மில்லி மிச்சம் இருக்கு பாருங்க.
அந்த அளவுக்குப் பச்சத் தண்ணி தாங்க."

மூடியில் அளந்து கொடுத்தேன்.
அதைக் குடிக்கும்போதுதான்
கண்ணை மூடினான்.